வாசித்ததாகக் கருதப்பட்ட விளாத்திமடு

உலகில் நாடாளுமன்றங்கள் தோன்றிய நாளிலிருந்து எத்தனையோ பேர் பேசியிருக்கிறார்கள். மணிக்கணக்கில் பேசித் தொண்டை கட்டியவர்கள் உண்டு. மேசையைத் தட்டிக் கை வீங்கியவர்கள் உண்டு. ஆனால் வாயையே திறக்காமல், கடலுக்கு அப்பால் போரில் நொந்துபோன ஒரு கிராமத்துக்காக முழங்கிய பெருமை, மாநிலங்களவை உறுப்பினர் மாண்புமிகு 'வன்னியின் குரல்' கார்த்திகேசன் ஒருவரையே சேரும். அவர் அம்பத்தூர்க்காரர் என்பது அம்பத்தூர் செய்த பாக்கியம்.

வாயைத் திறக்காமல் முழங்குவது எப்படி என்று விவரம் தெரியாதவர்கள் கேட்கலாம். அவை நடைமுறையில் அதற்கு இடம் உண்டு. நேரம் போதாத நாட்களில் உறுப்பினர் தம் உரையை எழுதி மேசைமீது வைத்துவிட்டால் போதும், அது 'வாசித்ததாகக் கருதப்படும்'. மற்றவர்கள் அதைக் கேட்டதாகவும் கருதப்படுவார்கள். இந்த அற்புத ஏற்பாட்டைக் கேள்விப்பட்ட அன்று, ஐயாவின் பி.ஏ. டில்லிபாபு தன் வீட்டிலும் அதை அமல்படுத்திப் பார்த்தான். ரேஷன் கடைக்குத் தான் போனதாகக் கருதும்படி மனைவி கோமளாவிடம் சொன்னான். அவள் கருதவில்லை.

டில்லிபாபு மண்ணூர்பேட்டையில் பிறந்தவன். தொழிற்பேட்டை எஸ்டேட்டில் லேத் ஓட்டி, தேர்தல்தோறும் பசை வாளி தூக்கி, படிப்படியாக உயர்ந்து அம்பத்தூர் அலுவலகத்தில் நாற்காலி பிடித்தவன். பள்ளிக்கூட அட்மிஷன், ஆஸ்பத்திரிப் படுக்கை, பேருந்து நிறுத்தம் என்று எதற்குச் சிபாரிசுக் கடிதம் கேட்டு வந்தாலும் அவனே அடித்து, அவனே ஐயாவின் கையெழுத்தைப் போட்டு, அன்றே கையில் கொடுத்துவிடுவான். ஒருமுறை ஐயாவின் காசோலை, கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று வங்கியிலிருந்து திரும்பி வந்தது. அது ஐயாவே போட்ட கையெழுத்து.

இப்படி நிர்வாகம் நீரோடையாக ஓடிக்கொண்டிருந்த ஜூலை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை சுலோசனா வந்தாள்.

நெமிலிச்சேரியில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருப்பவள். எஸ்டேட்டில் ஏற்றுமதித் துணிக் கம்பெனி ஒன்றில் காலர் தைக்கிறாள். பதினெட்டு வருடங்களுக்கு முன்னால் புருஷனோடு படகேறி வந்த வன்னிக்காரி. புருஷன் இங்கேயே காய்ச்சலில் போய்விட்டான். அவளுடைய ஊரின் பெயர் விளாத்திமடு. அங்கே ராணுவம் பிடித்து வைத்திருந்த நிலத்தை இப்போது உரியவர்களுக்குத் திருப்பித் தருகிறார்களாம். ஆகஸ்ட் இருபத்தெட்டாம் தேதி அதிகாரிகள் ஊருக்கே வந்து விசாரிக்கப் போகிறார்கள் என்று அவளுடைய மச்சாள் போனில் நோட்டீஸின் படத்தை அனுப்பியிருந்தாள். ஊருக்குப் போகப் பயணப் பத்திரம் வாங்கியாயிற்று. இந்த நாட்டை விட்டு வெளியேறுவதற்கான அனுமதிதான் ஓர் அலுவலகத்தில் மூன்று மாதமாகத் தூங்குகிறது. எம்.பி. ஒருவர் இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் எழுந்துகொள்ளும் என்று அந்த அலுவலகத்து வாசலிலேயே யாரோ சொல்லியனுப்பியிருந்தார்கள்.

"தம்பி, இருபத்தெட்டாந் திகதி நான் அங்க நிக்கவேணும்" என்றாள். "ஆள் நேர வராட்டி, காணியைக் காடெண்டு எழுதிப்போடுவினம். எனக்கு அம்பத்திரண்டு வயசு. இன்னும் இருவது வருசம் மண்வெட்டி பிடிப்பன்."

மனுவை நான்கு பக்கத்துக்கு எழுதியிருந்தாள். இரண்டரை ஏக்கர் வயல், வீட்டைச் சுற்றி அரை ஏக்கர் வளவு, வளவில் இரண்டு பலா, ஒரு கிணறு. கிணற்றுக் கட்டின் சீமெந்து காய்வதற்கு முன்னால் அவள் புருஷன் ஈர்க்குச்சியால் வருடத்தை எழுதினானாம். இரண்டாவது எண்ணை எழுதும்போது கோழி குறுக்கே ஓடியதாம். அதைப் படித்த டில்லிபாபுவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆயிரம் மனு பார்த்தவன் அவன். கோழி ஓடிய மனுவை அதுவரை பார்த்ததில்லை.

"ரெண்டு வரி லெட்டர்தானேக்கா. நாளைக்கு வந்து வாங்கிக்கினு போங்க" என்றான்.

அவன் அப்போதே அடித்து, அப்போதே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கலாம். பெரிய விஷயமாயிற்றே, ஐயாவின் காதிலும் போட்டு வைப்போம் என்று நினைத்ததுதான் அவன் செய்த பிழை.

ஐயா நான்கு பக்கத்தையும் நின்றபடியே படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆவடிப் பொதுக்கூட்டம் ஒன்றில் 'வன்னியின் குரல்' பட்டம் பெற்று ஏழு வருடம் ஆகியும், வன்னியிலிருந்து ஒருவரும் அவரை நேரில் தேடி வந்ததில்லை. அந்தக் குறை அன்று தீர்ந்தது.

"டில்லி, இது மனு இல்லடா, ஆவணம்" என்றார். "இத்த நா பார்லிமெண்டுக்கு எடுத்துக்கினு போறேன்."

அந்தம்மா கேட்டது ஒரு சிபாரிசுக் கடிதம்தான் என்று டில்லிபாபு மெதுவாக நினைவூட்டினான். ஐயா அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். ஓர் இனத்தின் துயரத்தை இரண்டு வரியில் அடக்கப் பார்க்கிறாயே என்று கேட்டார். கடிதமும் உண்டு, ஆனால் அட்மிஷன் கடிதம்போல அதை அவன் கிறுக்கிக் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

"வன்னி என் உயிரு. அதுல என் கையாலதான் கையெழுத்துப் போடுவேன். உன் கை பட்டுச்சுன்னு தெரிஞ்சா அன்னியோட உனக்கு இங்க வேல இல்ல."

பற்று என்றால் அதுதான் பற்று. பேருந்து நிறுத்தத்தின் மேல் ஐயாவுக்கு அப்படிப் பற்று இல்லாததால், பேருந்து நிறுத்தத்துக்கு மட்டும் கடிதம் உடனே கிடைத்தது.

மனு டெல்லிக்குப் பறந்தது. நகல் அல்ல, அசல். நகல் எடுத்தால் உணர்ச்சி குறைந்துவிடும் என்பது ஐயாவின் கருத்து. 'என் வளவு' என்று இருந்த இடங்களில் 'எங்கள் தாய்மண்' என்று மாற்றி உரை தயாராயிற்று. நான்கு பக்கமும் அவள் கூடவே வைத்திருந்த நிலப் பத்திரத்தின் பிரதியும் அதற்கு இணைப்பு ஆயின. அன்று அவையில் ஏதோ கூச்சல். நேரம் போயிற்று. விளாத்திமடு மேசைமீது வைக்கப்பட்டு, வாசித்ததாகக் கருதப்பட்டது. கோழியும் ஓடியதாகக் கருதப்பட்டது.

கடிதத்துக்காகச் சுலோசனா வாரம் இருமுறை வந்தாள். வேலைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு, கையில் கம்பெனி அடையாள அட்டையோடு வருவாள். ஐயா டெல்லியிலிருந்து திரும்பியதும் டில்லிபாபு கடிதத்தை அடித்து நீட்டினான். மூல மனு கோப்பில் இல்லாமல் சிபாரிசுக் கடிதம் கொடுப்பது முறையாகாது என்று ஐயா சொன்னார். மனு டெல்லியில் இருக்கிறது என்றான் இவன். ஒரு சாமானியப் பெண்ணின் மனு நாட்டின் உச்ச அவையில் இருக்கும்போது அவளுக்கு இன்னும் என்ன குறை என்று அவர் கேட்டார். சுலோசனா இரண்டாவது மனு எழுதிக் கொடுத்தாள். இந்த முறை அரைப் பக்கம்தான். கோழியை விட்டுவிட்டாள். இதில் உணர்ச்சி போதவில்லை என்று ஐயா தள்ளி வைத்தார்.

இதற்கிடையில் கட்சிக்காரர்களுக்கு ஒரு மனக்குறை. ஐயாவின் வரலாற்றுச் சிறப்புமிக்க உரையைக் காட்ட ஒரு வீடியோகூட இல்லை. பேசாத பேச்சை எப்படி வாட்ஸாப்பில் போடுவது? பகுதிச் செயலாளர் ஜெகதீஷ் வழி கண்டுபிடித்தான். மாநிலங்களவையின் கம்பளம் சிவப்பு. மண்ணூர்பேட்டைக் கல்யாண மண்டபத்தின் கம்பளமும் சிவப்பு. ஆகஸ்ட் பதினேழாம் தேதி பாராட்டு விழாவுக்கு மண்டபம் பிடிக்கப்பட்டது. மாப்பிள்ளை நாற்காலியில் மண்டப மேனேஜர் அவைத் தலைவராக அமர்ந்தார். எதிர்க்கட்சி வரிசைக்கு எஸ்டேட்டிலிருந்து ஷிப்டு முடிந்த முப்பது பேர் அழைத்து வரப்பட்டார்கள். ஐயா பேசும்போது நடுநடுவே கூச்சல் போட வேண்டும் என்று மட்டும் அவர்களுக்குச் சொல்லப்பட்டது. என்னவென்று போடுவது என்று சொல்ல ஜெகதீஷ் மறந்துவிட்டான்.

ஐயா எழுந்தார். "அவைத் தலைவர் அவர்களே, விளாத்திமடுவில் ஒரு கிணறு இருக்கிறது" என்று தொடங்கினார்.

"எங்க தெருவுல கால்வாய் அடச்சிக்கினு கீது" என்றது எதிர்க்கட்சி. "ரெண்டு மாசமா கீது."

ஐயா அசரவில்லை. முப்பது பேரும் தெருவிளக்கு, லாரி, கொசு என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கிளப்பினார்கள். அத்தனையையும் காதில் வாங்காமல் பேசி முடித்தார். சிறந்த நாடாளுமன்றவாதிக்கு அதுதானே இலக்கணம். ஜெகதீஷ் பின்னால் அந்தக் குரல்களை அழித்துவிட்டு வெறும் இரைச்சலைச் சேர்த்துக்கொண்டான்.

சுலோசனாவை முதல் வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். ஜெகதீஷ் கை காட்டும்போது அவள் அழவேண்டும் என்று ஏற்பாடு. அவன் கை காட்டுவதற்கு முன்னாலேயே, கிணற்றுக் கட்டு வந்த இடத்தில், அவள் அழுதுவிட்டாள். காமிரா அப்போது வேறு பக்கம் இருந்ததால் மறுபடியும் அழச் சொன்னார்கள்.

பிறகு அவளை மேடைக்கு அழைத்து மைக்கைக் கொடுத்தார்கள். ஐயாவைப் பற்றி நாலு வார்த்தை சொல்லும்படி கேட்டார்கள்.

"ஐயா, நீங்கள் கதைச்சது காணும், போதும்" என்றாள் அவள். "ரெண்டு வரி எழுதித் தாருங்கோ. பதினொரு நாள்தான் கிடக்கு."

ஐயா அவள் தலையில் கை வைத்தார். இந்தத் தாய் என்னை எழுதச் சொல்கிறாள், நான் எழுதியதோ பாரத நாட்டின் மேசைமீதே இருக்கிறது என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. வீடியோவை மூன்று லட்சம் பேர் பார்த்தார்கள்.

இரண்டு நாள் கழித்து ஐயா கனடாவுக்குப் புறப்பட்டார். அங்கே ஒரு மாநாடு. தலைப்பு 'தாயகம் திரும்பும் உரிமை'. திரும்பி வர முப்பதாம் தேதி ஆகும். கார் கதவைப் பிடித்துக்கொண்டு டில்லிபாபு கடிதத்தை நீட்டினான். இப்படி அவசரத்தில் போடுகிற கையெழுத்தா வன்னிக்கு என்று ஐயா கடிந்துகொண்டார்.

"நா வந்து போடுறேன்டா. வன்னி எங்கியும் ஓடிடாது."

அவர் சொன்னது உண்மைதான். ஓடப்போவது அரை ஏக்கர் வளவும் இரண்டரை ஏக்கர் வயலும் மட்டுமே.

இருபத்தோராம் தேதி மாலை டில்லிபாபு அலுவலகக் கதவைச் சாத்திவிட்டு, கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தான். ஒரு பழைய தாளில் ஐயாவின் கையெழுத்தைப் பத்துத் தடவை போட்டுப் பார்த்தான். பத்தும் அழகாக வந்தன. கடிதத்தில் பேனாவை வைத்தான். கோமளாவும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் மறுபடி லேத் பட்டறையும் கண்முன்னால் வந்தன. பேனாவை மூடினான். ஆயிரம் கையெழுத்தைத் துணிந்து போட்டவனுக்கு, நியாயமான ஒரே கையெழுத்துக்குக் கை வரவில்லை. தன்மேலேயே அவனுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டான்.

இருபத்தெட்டாம் தேதி காலை சுலோசனா அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்தாள். எதற்கு வந்தாள் என்று அவன் கேட்கவில்லை. பத்தரை மணிக்கு அவளுடைய மச்சாள் விளாத்திமடுவிலிருந்து வீடியோவில் அழைத்தாள். திரையில் ஒரு தகரக் கொட்டகை, மேசை, வரிசையாக ஜனங்கள். அதிகாரி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சுலோசனாவின் பெயர் வந்ததும் அவள் அம்பத்தூரில் எழுந்து நின்றாள்.

"ஓம், நான் நிக்கிறன்" என்றாள் போனைப் பார்த்து.

மச்சாள் போனை அதிகாரியின் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவர் மரியாதையானவர்தான். ஆள் நேரில் வர வேண்டும் அம்மா என்று சொல்லிவிட்டு, சட்டப்படி இன்னும் இரண்டு தடவை பெயரைக் கூப்பிட்டார். இரண்டு தடவையும் சுலோசனா நின்றபடியே ஓம் என்றாள். வந்ததாகக் கருதும் நடைமுறை அந்த நாட்டில் இல்லை. அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

அவள் போனை அணைத்துக் கைப்பையில் வைத்தாள். அரைநாள் லீவுதான் போட்டிருப்பதாகச் சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.

டிசம்பரில் அமைச்சகத்திலிருந்து ஐயாவின் உரைக்குப் பதில் வந்தது. அந்த நாட்டிலிருந்து கிடைத்த தகவலின்படி, விளாத்திமடுவில் விடுவிக்கப்பட்ட நாற்பத்தொரு நிலங்களில் நாற்பது உரியவர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. ஒன்றுக்கு மட்டும் உரியவர் நேரில் வராததால் அது வனத்தோடு சேர்க்கப்பட்டது. ஐயாவின் மகத்தான வெற்றி என்று சுவரொட்டி ஒட்டினார்கள். ஆனால் ஐயா வெற்றியில் மயங்குகிறவர் அல்லர். அந்த ஒன்றை விடுவதாக இல்லை என்றார். இந்த முறை அவையில் அவருக்கு மூன்று நிமிடம் நிஜமாகவே கிடைத்தது.

அன்று சுலோசனா அலுவலகத்தில் இருந்தாள். டெல்லியிலிருந்து அவளுடைய மனுவும் பத்திரப் பிரதியும் தபாலில் திரும்பி வந்திருந்தன. வாங்கிப் போக வந்திருந்தாள். உறையை அவள் கையில் கொடுக்கும்போது டில்லிபாபு அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சுவர் டி.வி.யில் ஐயா எழுந்தார். அவன் அணைக்கப் போனான்.

"விடுங்கோ தம்பி, கேப்பம்" என்றாள்.

ஐயா உண்மையிலேயே முழங்கினார். அதில் நடிப்பு கொஞ்சமும் இல்லை. "நாற்பது பேர் வந்தார்கள். ஒரே ஒரு தாய் மட்டும் ஏன் வரவில்லை? அவளை வரவிடாமல் தடுத்த அந்தக் கல்நெஞ்சக்காரன் யார்? அவன் பெயர் எனக்குத் தெரிந்தாக வேண்டும்."

அவைத் தலைவர் தகவலைக் கேட்டுப் பெறுவதாக உறுதியளித்தார். ஐயா அவையில் எத்தனையோ கேள்விகள் கேட்டவர். ஒவ்வொன்றுக்கும் எந்தெந்த நாட்டுக்கோ எழுதித்தான் பதில் வாங்க வேண்டியிருந்தது. இந்த ஒரு கேள்விக்குத்தான் யாருக்கும் எழுத வேண்டிய தேவை இல்லை. பதில் அவருடைய லெட்டர் பேடிலேயே, மேல் வரியில், கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது.