மூன்று பூஜ்யமும் ஒரு புள்ளி மூன்றும்

மூங்கில்துறைப்பட்டு,
சித்திரை 27.

பங்குனி மாதக் கடைசிவரை எனக்குச் சம்பந்தியாக இருந்தவரும், வைகாசியில் மறுபடியும் சம்பந்தியாக வேண்டியவருமான கச்சிராயபாளையம் கொளஞ்சியப்பன் அவர்களுக்கு, கரும்பு வெட்டும் பச்சமுத்து இரண்டு கையையும் கூப்பி எழுதச் சொல்லும் கடிதம். இங்கே நானும், என் சம்சாரம் குஞ்சம்மாளும், மகன் ஜெயப்பிரகாஷும், நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிற மகள் தமிழ்மொழியும் சுகம். அங்கே தாங்களும், தங்கச்சி பச்சையம்மாளும், பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் மருமகள் தேவதர்ஷினியும், சினையாக இருந்த கறவையும் சுகமா? கறவை கன்று போட்டுவிட்டதா? இந்த மாதம் ஐந்தாம் தேதி பார்த்தபோது இன்னும் இருபது நாள் என்றீர்கள். கணக்குப்படி ஆகியிருக்க வேண்டும். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, ஆனால் காதில் விழுந்தது எதுவும் மறக்காது. அதனால் கடிதம் நீளமாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கார்த்திகையில் பெண் பார்க்க வந்தோம், கேசரி கொடுத்தீர்கள், அதில் முந்திரி இல்லை, நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. பத்துக்கு ஒன்பது பொருத்தம் என்றீர்கள், வைகாசியில் நிச்சயம் என்றீர்கள், எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. பங்குனி இருபத்தி நாலாம் தேதி முழங்கால் வலி என்று கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறி, என் மகன் எக்ஸ்ரே எடுக்கிற ஆஸ்பத்திரிக்கே போனீர்கள். முழங்காலைக் காட்டப் போனீர்களா, மாப்பிள்ளையை வேவு பார்க்கப் போனீர்களா என்று நான் கேட்கமாட்டேன். போன இடத்தில் கதவில் மஞ்சளாக மூன்று இறக்கை போட்ட எச்சரிக்கைப் படத்தைப் பார்த்தீர்கள், கர்ப்பிணிகள் முன்கூட்டியே சொல்லவும் என்கிற பலகையைப் பார்த்தீர்கள், என் மகன் மாட்டுகிற ஈய ஏப்ரனைப் பார்த்தது போதாமல் கையில் வாங்கி எடை வேறு பார்த்தீர்கள். உங்கள் முழங்காலுக்கு ஒன்றும் இல்லை என்றதும் நேரே வீட்டுக்குப் போய் எனக்குப் போன் போட்டீர்கள். என்ன சொன்னீர்கள் என்று உங்களுக்கு மறந்திருக்கலாம். எனக்கு மறக்கவில்லை.

"இன்னா பச்சமுத்து, அத்தாம் பெரிய ஈயத்த நெஞ்சுல கட்டிக்கினுதான் உள்ள போறான் ஒம் புள்ள. அப்போ அந்த மிஷினு ஆள இன்னா பண்ணும்? நாளைக்கு எம் பொண்ணுக்கு ஒரு புள்ளகுட்டி வாணாமா?"

ஒரு ஆம்பளைப் பிள்ளையைப் பற்றிக் கேட்கக்கூடாத கேள்வி அது. நீங்கள் உங்கள் வீட்டுக்குள் இருந்துதான் கேட்டீர்கள், ஆனால் உங்கள் மைத்துனர் தமிழழகன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர் ஆயிற்றே, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அது போய்ச் சேர்ந்துவிட்டது. இங்கே குஞ்சம்மாள் மூன்று நாள் அடுப்பு பற்ற வைக்கவில்லை.

சம்பந்தி, என் மகன் இரண்டு வருஷம் இந்தப் படிப்புப் படித்தான். எங்களுடையது ஒரே அறை, ஒரே பல்பு, அவனுக்கோ வாய்விட்டுப் படித்தால்தான் ஏறும். படுத்தபடி நானும் கேட்டேன். அவன் பாஸ் பண்ணினான். எழுதச் சொல்லாமல் வாயால் கேட்டிருந்தால் நானும் பாஸ் பண்ணியிருப்பேன். ஆகவே நான் சொல்வதைக் கேளுங்கள். அந்த மிஷின் நெருப்பு அல்ல, விஷமும் அல்ல. ஒரு குழாய்க்குள் மின்சாரத் துகள் ஓடிப்போய் ஓர் உலோகத்தில் முட்டுகிறது, முட்டின வேகத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு சும்மா சூடாகப் போய்விடுகிறது, மிச்சம் ஒரு பங்குதான் கதிராக வெளியே வருகிறது. சுவிட்சை விட்டதும் அதுவும் நின்றுவிடும். சுவரில் ஒட்டாது, படுக்கையில் தங்காது, சட்டையோடு வீட்டுக்கு வராது. மிஷின் ஓடும்போது என் மகன் தடுப்புச் சுவருக்குப் பின்னால் நிற்கிறான். குருத்தும் வெட்டுக்கு வந்த கரும்பும் ஒரே வயலில் நின்றாலும் வெயிலில் முதலில் வாடுவது குருத்துதான் இல்லையா, அதுபோல உடம்பிலும் வேகமாகப் பெருகுகிற அணுதான் கதிருக்கு முதலில் அடிபடும். வயிற்றுப் பிள்ளை முழுக்கக் குருத்து, அதனால்தான் கர்ப்பிணிக்கு அந்தப் பலகை. பலகையைப் பார்த்தவர், அது யாருக்கு என்று கேட்டிருக்கலாம்.

இதையெல்லாம் நேரில் விளங்க வைக்கத்தான் சித்திரை ஐந்தாம் தேதி உங்கள் வீட்டுக்கு வந்தேன். வாயால் சொன்னேன், ஏறவில்லை. உங்கள் வாசலில் மருந்தடிக்கிற டேங்க் சாத்தியிருந்தது, தண்ணீர் ஊற்றி முதுகில் மாட்டினேன். உங்கள் மைத்துனரைக் கூப்பிட்டு, இதோ இந்தச் சுவர்தான் நோயாளி, நான்தான் மிஷின், நீங்கள் ஆபரேட்டர், என்று சொல்லிச் சுவர் மேல் அடித்தேன். நேராக வருவது ஆபரேட்டர் மேல் படுவதில்லை, நோயாளி மேல் பட்டுத் தெறிக்கிறதே அதுதான் அவனுக்கு வரும், ஓரடி தள்ளி நின்றதற்கு இரண்டடி தள்ளி நின்றால் பாதி அல்ல, கால் பங்குதான் வரும், பின்னாலே போங்க என்று கத்தினேன். அவர் போகவில்லை. "யோவ், நீ அடிக்கிறத நிறுத்துய்யா முதல்ல" என்று என்னை நோக்கி வந்தார். மிஷினை நோக்கி வரக்கூடாது என்பதுதான் பாடமே. அந்த டேங்கில் அடியில் வேப்பெண்ணெய் மிச்சம் இருந்தது எனக்கு எப்படித் தெரியும்? வெள்ளைச் சட்டை மஞ்சளானது, தங்கச்சி பச்சையம்மாள் உலர்த்தியிருந்த மிளகாய் நனைந்தது, நீங்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். மஞ்சள் சட்டையோடு நின்று உங்கள் மைத்துனர் ஒரு வார்த்தை சொன்னார்.

"படம் காட்டுற வேலையெல்லாம் வாணாம். ஒம் புள்ள மாருல ஒரு பேட்ஜு குத்திக்கினு கீறான் இல்ல, மேல எவ்ளோ பட்டுச்சின்னு அது கணக்கு வெக்குமாம். அந்த ரிப்போர்ட்டக் கொண்டா. ஜாதகத்த அப்பால பாக்கலாம்."

என் எழுபது வருஷத்தில் மாப்பிள்ளை வீட்டுக்காரனிடம் இப்படி ஒரு பொருத்தம் கேட்டதை நான் பார்த்ததில்லை. ஆனாலும் சந்தோஷமாகத் தலையாட்டினேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பேட்ஜை அனுப்பி அளந்து தாள் வரும், வந்த தாளில் எல்லாம் பூஜ்யம் என்று மகன் சொல்லியிருக்கிறான். சித்திரை பதினேழாம் தேதி புதுத் தாளும் வந்தது, நான்கையும் பிரித்துக்கூடப் பார்க்காமல் நானே பஸ் ஏறிக் கொண்டுவந்து கொடுத்தேன். மூன்றில் பூஜ்யம். புதுசில் புள்ளி மூன்று மில்லிசீவர்ட், கதிரை அளக்கிற கணக்கு அது. உங்கள் மைத்துனர் அதைக் கேஸ் கட்டில் துப்புக் கிடைத்த மாதிரி தூக்கிப் பிடித்தார். "மூணு மாசத்துக்கே இவ்ளோ ஜாஸ்தின்னா மூணு வருசத்துல?" என்றார். அந்தப் புள்ளி மூன்று எப்படி வந்தது என்று என் மகனுக்கும் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் அவனை உட்காரவைத்து எழுத்தில் விளக்கம் கேட்டுவிட்டார்கள். அவன் வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், சாப்பிடவில்லை. அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

பொங்கல் கழித்து நான்காம் நாள் அவனுக்கு லீவு. பேட்ஜை ஆஸ்பத்திரியிலேயே மாட்டிவிட்டு வர வேண்டும், அது சட்டம், ஆனால் முந்தின நாள் அவன் அதைச் சட்டைப் பாக்கெட்டோடு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான். எனக்கு ஒரு மாதமாக இருமல். கரும்பு வெட்டுகிற ஆட்களுக்கு நெஞ்சுப் படம் எடுக்கிறோம் என்று அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டார்கள். நாலு பேர் பார்க்கிற இடம், கிழிந்த சட்டையோடு போகாதே என்று குஞ்சம்மாள்தான் ஆணியில் மாட்டியிருந்த மகன் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். பாக்கெட்டில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். பீடிக்கட்டை எடுத்து வெளியே வைத்துவிட்டு, ஒன்றும் இல்லை என்றேன். சட்டையோடுதான் எடுத்தார்கள். படத்தைப் பார்த்த டாக்டரம்மா, "பெரியவரே, நெஞ்சுல மிஷின் கிஷின் வெச்சிருக்கீங்களா?" என்றார். இல்லை என்றதும் மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் அதே சதுரம், அதற்குள் மூன்று வட்டம். "எதையாவது முழுங்கிட்டீங்களா?" என்றார். மூன்றாவது தடவைதான் படம் எடுக்கிற தம்பி கிட்டே வந்து பாக்கெட்டைத் தடவி, "ஐயா, இது எங்க ஆளுங்க போடுற பேட்ஜாச்சே, உங்ககிட்ட எப்பிடி வந்துச்சு?" என்று கேட்டான். மகனுக்குத் தெரிந்தால் திட்டுவான் என்று வந்து சட்டையை அதே ஆணியில் மாட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். மூன்று மாதம் மூடியிருந்தேன். இதைச் சொன்னதும் குஞ்சம்மாள், "ஊரான் வூட்டு கேசரில முந்திரி இல்லாதது ஞாபகம் கீது, இது மட்டும் மறந்துடுச்சா ஒனக்கு?" என்று கேட்டாள்.

ஆகவே சம்பந்தி, அந்தப் புள்ளி மூன்று என் நெஞ்சில் பட்டது, என் மகன் உடம்பில் பட்டதல்ல. ஆஸ்பத்திரியிலும் இப்படியே எழுதிக் கொடுத்தாகிவிட்டது. அப்படியே அவன்மேல் பட்டிருந்தாலும்தான் என்ன? அவன் வேலையில் வருஷத்துக்கு இருபது வரைக்கும் அளவு வைத்திருக்கிறார்கள். நீங்கள் பயப்படுகிற அந்தக் கோளாறு வர வேண்டுமானால் இதைப்போல ஐந்நூறு மடங்கு ஒரே சமயத்தில் வாங்க வேண்டும். சும்மா இருக்கிறவனுக்கே மண்ணிலிருந்தும் பாறையிலிருந்தும் வானத்திலிருந்தும் வருஷத்துக்கு இரண்டு, இரண்டரை வருகிறது. கல்வராயன் மலையில் பாறை மேலேயே குடியிருக்கிறார்கள், அங்கே பிள்ளை பிறக்கவில்லையா? என் மகனோடு வேலை செய்கிற தங்கதுரைக்கு முப்பது வருஷ சர்வீஸ், நான்கு பிள்ளை, அதில் இரண்டு ரெட்டை. அவரை வேண்டுமானால் குடும்பத்தோடு அழைத்துவருகிறேன், எண்ணிப் பாருங்கள். முகாமில் எடுத்த படத்தை அந்தத் தம்பியிடம் கெஞ்சி வாங்கி, ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். என் விலா எலும்பும் அதற்கு மேல் பேட்ஜும் தெளிவாகத் தெரிகின்றன. ஒரு பிள்ளையைக் கட்டிவைக்க அப்பன் தன் நெஞ்சைத் திறந்து காட்டினான் என்று பேச்சுக்குச் சொல்வார்கள், நான் பிரிண்ட் போட்டே அனுப்புகிறேன்.

படித்தவர்கள் அளந்து கொடுத்த எண்ணைப் பார்த்துப் பயந்துபோய், நல்ல இரண்டு பிள்ளைகளின் வாழ்க்கையை நிறுத்திவைப்பது நமக்கு அழகல்ல. வருகிற வெள்ளிக்கிழமைக்குள் தேதி சொல்லிவிடுங்கள். அதைத் தாண்டினால் சமையல்காரர் வேறு இடத்தில் அட்வான்ஸுக்குக் கையை நீட்டிவிடுவார். தங்கச்சிக்கு என் வணக்கம், மிளகாய்க்கு என் வருத்தம். மைத்துனருக்குப் புதுச் சட்டை நிச்சயத்தன்று உண்டு. கன்று கிடாரியாக இருக்க வேண்டும், மடி நிறையப் பால் சுரக்க வேண்டும், மருமகள் தீர்க்காயுசாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
பச்சமுத்து
(இடது கைப் பெருவிரல் ரேகை)

பின்குறிப்பு: உறையை ஒட்டுகிற நேரத்தில் மகன் வேலை முடிந்து வந்தான், வந்தவன் சிரித்துக்கொண்டே ஒரு சேதி சொன்னான். மருமகள் தேவதர்ஷினியைப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் வார்டிலிருந்து மாற்றிவிட்டார்களாம். நெஞ்சுக்குள் ஒயர் விட்டுப் பார்க்கிற அறையாம். அங்கே கதிர் ஓடும்போதே நர்ஸ் நோயாளிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டுமாம், தடுப்புச் சுவருக்குப் பின்னால் போகமுடியாதாம். இதை உங்களிடம் அந்தப் பிள்ளை இன்னும் சொல்லவில்லையாம், நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். அதற்கும் பேட்ஜ் கொடுத்திருக்கிறார்களாம், முதல் தாள் வர மூன்று மாதம் ஆகுமாம். தவறாக நினைக்காதீர்கள், எங்களுக்கும் ஒரே பையன். வெள்ளிக்கிழமைக்குள் தேதி எதுவும் சொல்லிவிட வேண்டாம், தாள் வந்ததும் பொண்ணு வீட்டு ரிப்போர்ட்டை அனுப்பிவையுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறோம். குஞ்சம்மாள் இப்போதே அழ ஆரம்பித்துவிட்டாள்.