முன்வரிசையில் உட்கார ஓர் ஆள்

டுலூத், ஏப்ரல் 20

அன்புள்ள தங்கை மாரிட்டுக்கு,

அண்ணன் ஆர்விட் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். பனிதான் இன்னும் முழுக்கக் கரையவில்லை. உன் முட்டிவலியும் மாடுகளும் எப்படி இருக்கின்றன?

விஷயம் இதுதான். என் மருமகன் கார்ஸ்டன் நான்காவது விமானக் கம்பெனி தொடங்கப்போகிறான். ஓடுபாதைக்கு உன் மேய்ச்சல் நிலத்தைக் கேட்டு வருவான். கொடுக்காதே.

முதல் கம்பெனிக்கு உறைந்த ஏரிதான் ஓடுபாதை; ஜனவரியில், பனிக்கட்டியில் துளைபோட்டு மீன்பிடிக்கிறவர்கள் அங்கேயே குடிசை போட்டுவிட்டார்கள், "கொஞ்சம் நகர்த்துறீங்களா?" என்று கேட்டான், "அதுக்கென்ன, பாக்கலாம்" என்றார்கள், நம் ஊரில் அதற்கு என்ன அர்த்தமென்று உனக்குத் தெரியும். இரண்டாவது, குளிர்காலத்தைக் கழிக்கக் கிழவர்களை அரிசோனா வெயிலுக்குக் கொண்டுபோனது. போகும்போது கூட்டம், திரும்பும்போது விமானியும் காபிக் குடுவையும்தான், ஏப்ரலில் எல்லோரும் சேர்ந்து திரும்பக் கிளம்பியபோது கம்பெனியே இல்லை. மூன்றாவதில், பிஸ்மார்க் போகிற விமானத்தில், இஷ்டப்பட்ட இடத்தில் உட்காரலாம் என்றான். முன்னால் உட்காரக் கூச்சப்படுகிற நம் லுத்தரன் சபை ஜனங்களிடம் சொல்கிற பேச்சா அது? தேவாலயத்தில் செய்வது போலவே பன்னிரண்டு பேரும் பின்வரிசையில் போய் அடைந்துகொண்டோம். வால் கனத்துவிட்டது. "நாலு பேராவது முன்னாடி வாங்க, இல்லேன்னா கிளம்பாது" என்றாள் விமானி. "நீங்க போங்க." "ஐயோ, நீங்க போங்க, எனக்கு இதுவே போதும்." இப்படியே நாற்பது நிமிடம். கார்ஸ்டன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றான். அந்த முகத்தை எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. எழுபத்தோரு வயதில் முதல் தடவையாக எழுந்துபோய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். காது சூடாகிவிட்டது. "என்ன ஆர்விட், பெரிய மனுஷனாயிட்ட போல" என்றான் பக்கத்து வீட்டு நெல்ஸ். ஆனாலும் என் பின்னாலேயே வந்தான், இன்னும் நாலு பேரும் வந்தார்கள், விமானம் கிளம்பியது.

அப்புறம் ஏழு மாதம், வாரம் மூன்று நாள், முன்வரிசையில் உட்காருவதற்காகவே, ஒரு வேலையும் இல்லாத பிஸ்மார்க்குக்குப் போய் வந்தேன். அக்டோபரில் எனக்கு இடுப்பு ஆபரேஷன். நவம்பரில் கம்பெனி மூடியாயிற்று.

ஆகவே, அவன் வந்தால் "பாக்கலாம்" என்று சொல்லிவிடு. புரிந்துகொள்வான்.

கர்த்தர் உன்னையும் உன் மாடுகளையும் காப்பாராக.

உன் அண்ணன்,
ஆர்விட்

பி.கு.: கார்ஸ்டன் இப்போதுதான் வந்துபோனான். இந்தத் தடவை இருக்கைக்கெல்லாம் எண் போட்டுவிட்டானாம். "முதல் வரிசை ஜன்னலோரம் உங்களுக்குத்தான் மாமா, வேற யாரையும் உக்கார விட மாட்டேன்" என்றான். இடுப்பு இப்போது பரவாயில்லை. வியாழக்கிழமை நிலத்தை அளக்க வருகிறோம். நீ சம்மதித்துவிட்டாய் என்று சொல்லிவிட்டேன். மாடுகளை வேறு பக்கம் கட்டு.