இயற்கை வேறு, உபாதை வேறு

நாகரிகம் நதிக்கரைகளில் தோன்றியது என்று படித்திருப்பீர்கள். அது பூரணமடைந்தது குச்சவெளிக் கடற்கரையில், எங்கள் 'கரையோரச் சுற்றாடல் சுற்றுலாக் கட்டண ஆலோசனைச் சபை' முதன்முதலாகக் கூடிய அன்றுதான். நான் அதன் செயலாளர். அடக்கம் கருதி இதற்கு மேல் சொல்லவில்லை.

கடலடியில் முருகைக்கல் என்னும் பவளப்பாறை பார்க்கப் படகேறும் ஒவ்வொருவரும் சுற்றாடலின் பெயரால் ஒரு கட்டணம் செலுத்த வேண்டும். அதை எதற்குச் செலவழிக்கலாம் என்று ஆலோசனை சொல்வது எங்கள் ஒன்பது பேரின் கடமை. செலவழிப்பது லேசு. ஆலோசிப்பதுதான் கஷ்டம். வாயும் வலிக்கும், பற்றிஸ் சாப்பிட்டு வயிறும் வலிக்கும்.

முதல் வருடம் 'இங்கே அசுத்தம் செய்யாதீர்' என்று மும்மொழியிலும் நாற்பது பலகைகள் நாட்டினோம். பலகைகளால் கடல் தெரியவில்லை என்று முறைப்பாடு வந்தது. உடனே 'கடல் இந்தப் பக்கம்' என்று இன்னொரு பலகை நாட்டினோம்.

கட்டணத்துக்கு ரிக்கற் கிழிப்பவர் ஸுல்பிகா. காலை ஆறு மணி தொடக்கம் மாலை நாலு வரை தகரக் கூண்டுக்குள் இருப்பார். இரண்டாம் வருட முதற் கூட்டத்தில் அவர் கதவடியில் வந்து நின்றார்.

“சேர், கூண்டுக்குப் பக்கத்தில ஒரு டொய்லட் கட்டித் தாங்க. பத்து மணித்தியாலம் அடக்கி வெச்சிக்கிட்டு இருக்க ஏலாது.”

தவிசாளர் பேணாட் கண்ணாடியைக் கழற்றினார். “பிள்ளை, இது சுற்றாடல் சபை. கட்டடச் சபை இல்லை.”

“இதுவும் இயற்கை உபாததானே சேர்?”

எங்கள் நிபுணர் றம்ஸான் துள்ளி எழும்பினார். “இயற்கை வேறு, உபாதை வேறு! இயற்கையைப் பாதுகாக்கலாம். உபாதையைப் பாதுகாக்க ஏலுமா?”

“அதத்தானே சேர் நானும் சொல்ற. பாதுகாத்து வெச்சித்தான் வருத்தம் வந்த. நிறையத் தண்ணி குடிக்கச் சொல்லி டொக்டர் துண்டு தந்திருக்காரு.”

துண்டை ஏகமனதாக ஏற்றுக்கொண்டோம். அதாவது, கோப்பில் போட்டோம்.

மீதி மூன்று மணித்தியாலமும் கடற்கரையில் வைக்கவிருந்த பன்னிரண்டடிச் சீமெந்து ஆமைக்குப் போயிற்று. ஆமை எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்பதில் சபை பிளந்தது. கடலைப் பார்த்தால் விருந்தினருக்குப் பின்புறம் காட்டும். தரையைப் பார்த்தால் அதற்குக் கடலோடு கோபம் என்று நினைப்பார்கள். கடைசியில் பக்கவாட்டாக வைத்தோம்.

ஆமைத் திறப்பு விழா சித்திரை வெயிலில் நடந்தது. சூட்டுக்கு எல்லோருக்கும் இளநீர், பிறகு சர்பத், பிறகு வத்தகப்பழம். றம்ஸானின் உரை நாற்பதாவது நிமிடத்தை எட்டியபோது தவிசாளர் கால்மேல் கால் போட்டார். பிறகு காலை மாற்றிப் போட்டார். பிறகு எழும்பி, ஆமையைப் 'பரிசோதிக்க' அதன் மறுபக்கம் போனார். அங்கே பதினைந்து சுற்றுலாப் பயணிகள் கமராவோடு நின்றார்கள். முக்கியஸ்தர் என்று கண்டு, நடுவில் நிறுத்திப் படமெடுத்தார்கள். இடுப்புப் பட்டியில் ஒரு கையுடன் அவர் சிரிக்கும் அந்தப் படம்தான் எங்கள் ஆண்டறிக்கையின் அட்டை.

வியர்த்தபடி கூண்டடிக்கு ஓடினார் தவிசாளர்.

“பிள்ளை, அவசரமெண்டால் நீங்கள் எங்க போறனீங்கள்?”

“போறல்ல சேர்.”

“அப்ப?”

“தண்ணி குடிக்கிறல்ல.”

தான் குடித்த இளநீரை எண்ணித் தவிசாளர் கண்கலங்கினார்.

ஸுல்பிகா நல்ல மனுசி. நௌபரின் முச்சக்கர வண்டியைக் கூப்பிட்டு, தவிசாளரைத் தன் வீட்டுக்கு அனுப்பி வைத்தார். பின்னால் மற்ற எட்டுப் பேரும் ஓடினோம். றம்ஸான் ஓர் உரையைப் பாதியில் நிறுத்தியது சரித்திரத்தில் அதுவே முதற்தடவை. ஸுல்பிகாவின் வளவில் பதவி வரிசைப்படி நின்றோம். நான் ஒன்பதாவது. செயலாளர் பதவி எவ்வளவு தாழ்ந்தது என்பதை அன்றுதான் உடம்பால் உணர்ந்தேன். கூட்டறிக்கையில் அதைச் 'சமூக மட்டக் களப் பயணம்' என்று எழுதினேன்.

மறுகிழமை சபை அவசரமாகக் கூடியது. மலசலகூடத் தீர்மானம் நாலே நிமிடத்தில் நிறைவேறியது. “உபாதையும் இயற்கைதான்!” என்று றம்ஸான் மேசையில் அடித்தார். கூண்டுக்குப் பக்கத்திலேயே, நீல மாபிள் பதித்து, முகம் பார்க்கும் கண்ணாடி மாட்டி, வாசனைப் போத்தலும் வைத்து, ஒரே மாதத்தில் கட்டி முடித்தோம். நாடா வெட்ட ஸுல்பிகாவையே அழைத்தோம். அவர் வெட்கத்தோடு சிரித்தபடி வெட்டினார். எல்லோரும் கைதட்டினோம். பிறகு பூட்டினோம். திறப்பு விழா அவருக்கு. திறப்பு என் சட்டைப் பைக்கு.

“சேர், திறப்ப எனக்கிட்டத் தாங்களன்?”

“இது சபை உறுப்பினர்களுக்கு மட்டும். பலகையைப் பாருங்கோ” என்றேன். அது எங்கள் நாற்பத்திரண்டாவது பலகை.

சபை மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் அங்கே கூடும். ஆகவே இந்த மாவட்டத்திலேயே இவ்வளவு சுத்தமாகப் பாதுகாக்கப்பட்ட சுற்றாடல் வேறில்லை என்று மார்தட்டிச் சொல்வேன்.

போன கிழமை கூண்டு மூடிக் கிடந்தது. ஸுல்பிகாவை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து மறித்துவிட்டார்கள் என்றார் நௌபர். சபையின் சார்பில் நான் நாலு அப்பிளோடு பார்க்கப் போனேன். கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய தண்ணீர்ப் போத்தல், பாதிக்கு மேல் குடித்திருந்தார்.

“எப்பிடி, இங்க வசதியோ?” என்று அன்பாகக் கேட்டேன்.

“நல்ல வசதி சேர்” என்றார். “இஞ்ச டொய்லட்டப் பூட்டுறல்ல.”