முதல் சல்யூட்டுக்கு ஒரு வெள்ளி டாலர்

"கையுறை போட்டுக்க மச்சான். அப்புறம் தொடு" என்றார் ஆர்வின்.

"அஞ்சு நிமிஷம் கடன் கேட்டா ஆபரேஷன் தியேட்டர்ல நிக்க வெக்கிறியே மாப்பிள்ள!"

டெல்மர் அந்த வெள்ளைப் பருத்திக் கையுறைக்குள் விரல்களைத் திணித்துப் பார்த்தார். பாதி நுழைந்தது. மீதிக்கு ஆர்வின் பெரிய மனது பண்ணி, நாணயத்தை அதன் பிளாஸ்டிக் பெட்டியோடு தானே தூக்கிக் காட்டினார்.

காரியம் இல்லாமல் தங்கை வீட்டுப் பக்கம் தலை வைக்கிறவர் இல்லை டெல்மர். இன்று பகல் பல்கலைக்கழக மண்டபத்தில் அவர் மகள் பிரென்னா, கூடப் படித்த பலரோடு சேர்ந்து, ராணுவத்தில் லெப்டினன்ட் ஆகிறாள். புதிதாக அதிகாரியாகிறவர், தமக்கு முதல் சல்யூட் வைக்கிற சிப்பாயின் கையில் ஒரு வெள்ளி டாலரை வைக்க வேண்டும் என்பது ராணுவத்து வழக்கம். அந்த முதல் சல்யூட்டை வைக்கப்போவது சார்ஜென்டாகவே ஓய்வு பெற்ற டெல்மர்தான் என்று அப்பாவும் மகளும் எப்போதோ பேசி முடித்திருந்தார்கள். தாயில்லாப் பெண்ணை ஒற்றை ஆளாக வளர்த்து ஆளாக்கியவருக்கு வேறென்ன வேண்டும்? ஒரு வெள்ளி டாலர் வேண்டும்.

டெல்மர் வீட்டில் வெள்ளி டாலருக்கா பஞ்சம்? பெரிய காப்பித்தூள் டப்பா ஒன்று நிறைய இருந்தது. பதினைந்து வருஷமாகப் பழைய சாமான் சந்தைகளில் அலைந்து, எடை பார்த்து வாங்கிப் போட்டது. தேய்ந்தது, கறுத்தது, யாரோ ஓட்டை போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டது என்று எந்தப் பேதமும் அவர் பார்த்ததில்லை. எந்த வருஷத்து நாணயம் என்றுகூடத் திருப்பிப் பார்க்க மாட்டார். சமையலறைத் தராசில் வைப்பார், வெள்ளி விலையால் பெருக்குவார், டப்பாவில் போட்டு மூடுவார்.

ஆர்வின் எதிர்க்கட்சி. அவரிடம் இருந்தவை கொஞ்சம்தான். ஒவ்வொன்றும் காற்றுகூடப் புகாத பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருந்தது. அவற்றில் தலைமகன் கார்சன் சிட்டி நாணயச்சாலையில் அடித்த ஒரு டாலர். பின்பக்கம் கழுகுக்குக் கீழே அந்த ஊரைக் குறிக்க இரண்டு எழுத்து இருக்கும், பூதக்கண்ணாடி வைத்தால்தான் தெரியும். அந்த இரண்டு எழுத்துக்காக அவர் கொடுத்த விலையில் டெல்மர் ஒரு நல்ல பழைய டிராக்டர் வாங்கியிருப்பார்.

"வெள்ளிக்குத்தான்யா விலை. அதுல இருக்கிற பொம்பள மூஞ்சிக்கு இல்ல" என்பார் டெல்மர்.

"சரித்திரத்தைப் பழைய இரும்புக் கடையில போடுற ஆளு நீ" என்பார் ஆர்வின்.

ஒவ்வொரு நவம்பரிலும் நன்றி நவிலும் நாள் விருந்தில் வான்கோழியை அறுக்கிற நேரத்தில் இந்தச் சண்டை தொடங்கும், பூசணி இனிப்பு தீர்ந்த பிறகும் தீராது. டெல்மரின் தங்கை நோரீன், அதாவது ஆர்வினின் மனைவி, நடுவில் தட்டுகளை எடுத்துக்கொண்டு போவாள், வருவாள். அவளை யாரும் அபிப்பிராயம் கேட்டதில்லை.

இந்த நிலையில்தான் பிரென்னா போன் பண்ணி, "அப்பா, உங்க டப்பாவுலேர்ந்து எதையாவது பொறுக்கிக் குடுத்து என் மானத்தை வாங்காதீங்க. எல்லாம் பீர் பாட்டில் மூடி மாதிரி இருக்கு. பாக்க நல்லதா ஒண்ணு வேணும்" என்று சொல்லிவிட்டாள்.

நாணயக் கடையில் போய் வாங்கலாம். ஆனால், மூஞ்சிக்கு விலை இல்லை என்று ஊரெல்லாம் பிரசங்கம் பண்ணிய மனுஷன் மூஞ்சிக்குக் காசு கொடுத்தால் ஊர் என்ன சொல்லும்? யோசித்ததில் டெல்மருக்கு அருமையான வழி ஒன்று தோன்றியது. ஆர்வினிடம் இரவல் வாங்க வேண்டியது. பிரென்னாவிடம் கொடுக்க வேண்டியது. தான் சல்யூட் வைக்க வேண்டியது. அவள் திருப்பித் தன் கையில் வைப்பாள். சாயங்காலத்துக்குள் நாணயம் வீடு திரும்பிவிடும், செலவு பூஜ்யம்.

"வேற எவனாவது முந்திக்கிட்டான்னா?" என்றார் ஆர்வின்.

"எவன் முந்துவான்? நான் அங்கேயே நிக்கிறேன்ல?"

"இருந்தாலும் ஒரு பேச்சுக்குக் கேக்கிறேன்."

"என் டப்பாவை ஈடா வெச்சுக்க. டாலர் திரும்பி வரலன்னா டப்பா உனக்கு. போதுமா?"

டெல்மர் கையோடு கொண்டுவந்திருந்த டப்பாவை ஆர்வின், குழந்தையின் ஈரத்துணியைத் தூக்குவது போல இரண்டு விரலால் தூக்க முயன்றார். அது நகரவில்லை. இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு போய்க் கார் டிக்கியில், நோரீன் அடுக்கி வைத்திருந்த குக்கீ தட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தார். விழாவில் குக்கீ விற்று முன்னாள் வீரர் சங்கத்துக்குப் பணம் சேர்ப்பது அவள் பொறுப்பு.

"இதுல என்ன இருக்கு?" என்றாள் நோரீன்.

"உங்கண்ணன் உசுரு. பத்திரமா பாத்துக்க" என்றார் ஆர்வின்.

மண்டபத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் தொடங்கியது. டெல்மர் பழைய சீருடையில் வந்திருந்தார். மேல் பட்டன்கள் மூன்றும் கௌரவமாகப் பூட்டிக்கொண்டன, கீழ்ப்பட்டன் ராஜினாமா செய்துவிட்டது. மகள் தோளில் லெப்டினன்ட் பதவிக்கான தங்கப் பட்டையைக் குத்தும்போது ஒரு தடவை சரிபார்த்தார். பிளாஸ்டிக் பெட்டியை அவள் கையில் கொடுக்கும்போது மூன்று தடவை சரிபார்த்தார்.

"என்னப்பா இது, பாத்ரூம் ஓடு மாதிரி இருக்கு?"

"பெட்டியைத் திறந்துடாதே. உங்க மாமா செத்துடுவாரு."

அப்போதுதான் அவர் வாசலைப் பார்த்தார். கொடி பிடித்து வந்த சிப்பாய்கள் வெளியே வெயிலில் வரிசையாக நின்றிருந்தார்கள். மண்டபத்துக்குள் சல்யூட் கிடையாது. ஆனால் வெளியே தொப்பியோடு காலை வைத்ததும் எந்தச் சிப்பாயும் அதிகாரிக்குக் கையைத் தூக்கித்தான் ஆக வேண்டும். டெல்மருக்காகக் குறித்திருந்த இடமோ புல்வெளி நடுவில், கொடிக்கம்பத்தடியில் இருந்தது. அங்கே போய்ச் சேர்வதற்குள் ஒரு பட்டாளத்தையே தாண்ட வேண்டும்.

அவர் நேராக வெளியே போய், முதலில் நின்ற கார்ப்பரல் ட்ரெவினோவைத் தோளைத் தொட்டு ஓரமாக அழைத்தார்.

"தம்பி, அதோ, அந்தச் செம்பட்டை முடிப் பொண்ணு வெளிய வரும்போது நீ கையைத் தூக்கிடாதே."

"என்ன சார்ஜென்ட், அதிகாரிக்கு சல்யூட் வெக்கலன்னா என்னைத் தூக்கி உள்ள வெச்சுடுவாங்க."

"வேற பக்கம் பாத்துக்க. அவ கையில இருக்கிறது சாதாரண டாலர் இல்ல. கார்சன் சிட்டியில அடிச்சது."

"அப்படின்னா?"

"அப்படின்னாவா! பின்னால ரெண்டு எழுத்து இருக்கும். அந்த ரெண்டு எழுத்துக்கே ஒரு டிராக்டர் வாங்கலாம்!"

பதினைந்து வருஷமாகக் கேலி பண்ணிய விஷயத்தை இவ்வளவு பெருமையாகச் சொல்கிறோமே என்று வாயை மூடுவதற்குள் ட்ரெவினோவின் கண்கள் விரிந்துவிட்டன. டெல்மர் மண்டபத்துக்குள் திரும்பி வந்து வாசலை எட்டிப் பார்த்தபோது அங்கே சிப்பாய்கள் இரண்டு மடங்காகியிருந்தார்கள். ஒருவன் காலில் மாவுக்கட்டோடு வந்து நின்றான். எல்லார் வலது கையும் தயாராக இருந்தது.

இனி மகள் வெளியே போகக் கூடாது. தொப்பியில்லாமல் சீருடையில் வெளியே போவது ஒழுங்கீனம் என்பது சார்ஜென்டுக்குத் தெரியாதா? நாற்காலியில் இருந்த அவள் தொப்பியை நைசாக எடுத்து, நடைக்கு வந்து, நோரீனின் குக்கீ மேஜை விரிப்புக்குள் செருகினார்.

"என்னண்ணே, குனிஞ்சு என்ன தேடுற?"

"ஒண்ணுமில்ல. ஒரு குக்கீ குடு."

"எலுமிச்சை போட்டது, ஒரு டாலர். ஊர்ல இருக்கிற அத்தனை பேரும் பெரிய நோட்டாவே நீட்டுறாங்க" என்றபடி, அவர் கொடுத்த ஐந்து டாலர் நோட்டை வாங்கிக்கொண்டு, மீதி எடுக்க மேஜைக்கு அடியில் குனிந்தாள்.

அவள் இன்னும் கொஞ்சம் குனிந்தால் தொப்பியைப் பார்த்துவிடுவாள். டெல்மருக்கு வியர்த்தது.

"மீதியை நீயே வெச்சுக்க!"

"நாலு டாலரையுமா?" நோரீன் நிமிர்ந்து அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "ஏண்ணே, உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

அதற்குள் பிரென்னா மண்டபத்தைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். தொப்பியைக் காணோம் என்றதும் கர்னல் ஒருவர் பரிதாபப்பட்டு, எங்கிருந்தோ வேறொரு தொப்பியை வரவழைத்து, தாமே அவள் தலையில் வைத்துவிட்டார். அதோடு, "வாங்க லெப்டினன்ட், நானே வாசல் வரைக்கும் கூட்டிட்டுப் போறேன்" என்று கையையும் நீட்டினார்.

டெல்மர் பாய்ந்து வந்து, தன் மழைக்கோட்டை மகள் தோளில் போர்த்தி, கழுத்து வரை பூட்டினார்.

"அப்பா, வெளிய வெயில் கொளுத்துது!"

"மழை வரும்னு முழங்கால் சொல்லுது. இந்தப் பக்கமா வா. கர்னல் சார் மன்னிக்கணும், பொண்ணுக்கு மயக்கமா வருதாம்."

"எனக்கா?"

சமையலறை வழியாக அவளை இழுத்துக்கொண்டு ஓடினார். பின்கதவைத் திறந்தால், அங்கே வெளியே நிழலில் தட்டு நிறைய கஸ்டர்டை ஒரு பீப்பாய் மேல் ஆற வைத்துவிட்டு ஒரு ராணுவச் சமையல்காரர் நின்றுகொண்டிருந்தார். மழைக்கோட்டின் மேல் பட்டன் அவிழ்ந்து தங்கப் பட்டை பளிச்சென்றது. சமையல்காரர் விறைத்தார். வலது கை கிளம்பிவிட்டது.

டெல்மர் கஸ்டர்ட் தட்டைத் தூக்கி அந்தக் கையில் திணித்தார். பழக்கதோஷத்தில் சமையல்காரர் இரண்டு கையாலும் அதைப் பிடித்தார், ஆனால் வேகத்தில் தட்டில் இருந்தது பாதி டெல்மரின் மார்புக்கு இடம் மாறியது. பதக்கங்கள் இருந்த இடத்தில் மஞ்சளாக வழிந்தது.

"கஸ்டர்ட் பிரமாதம்!" என்று சொல்லிவிட்டு அவர் மகளோடு மூலை திரும்பினார். கொடிக்கம்பம் எதிரில் இருந்தது. சுற்றிலும் யாரும் இல்லை.

பிரென்னா கையை உதறிக்கொண்டு நின்றாள்.

"போதும்பா. என்ன நடக்குது? தொப்பியும் நீங்கதானா?"

"அது... அந்த டாலர் உங்க மாமாவோடது. வேற எவன் கைக்காவது போச்சுன்னா என் டப்பா போயிடும்."

அவள் முகம் வாடிவிட்டது.

"டப்பாவுக்காகவா இத்தனையும்? முதல் சல்யூட்டை வேற யாருக்கும் விட்டுக்குடுக்க மாட்டேன்னு ஓடி வர்றீங்கன்னு நெனச்சேன். சமையலறையில சிரிப்பை அடக்கிக்கிட்டு வந்தேன், தெரியுமா?"

டெல்மர் பதக்கங்களின் மேல் வழிந்த கஸ்டர்டைத் துடைக்கப் பார்த்தார், அது இன்னும் பரவியது.

பிரென்னா மழைக்கோட்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். தொப்பியை நேராக்கிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். கண்ணில் நீர் இருந்தது.

"சார்ஜென்ட்" என்றாள்.

டெல்மர் கோட்டைக் கீழே போட்டார். கஸ்டர்ட் வழிய, பட்டன் இல்லாமல், முப்பது வருஷத்தில் எந்த ஜெனரலுக்கும் வைக்காத ஒரு சல்யூட்டைத் தன் மகளுக்கு வைத்தார். இவள் அம்மா இருந்து பார்த்திருக்கக் கூடாதா என்று வெளிப்படையாகவே அழுதார். பிரென்னா பதில் சல்யூட் வைத்து, பெட்டியை அவர் உள்ளங்கையில் வைத்து, கஸ்டர்டைப் பற்றிக் கவலைப்படாமல் கட்டிக்கொண்டாள். பிறகு, மற்றவர்களோடு படம் எடுத்துக்கொள்ள ஓடினாள்.

டெல்மர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது புல்வெளி முழுக்கக் கூட்டம் வந்துவிட்டது. அங்கங்கே சல்யூட் நடந்தது, அங்கங்கே டாலர் கை மாறியது. எல்லாம் பருமனான பழைய வெள்ளி. இந்தக் காலத்துப் பிள்ளைகள் கடையில் விற்கிற பளபளப்பான புது நாணயத்தைத்தானே கொடுப்பார்கள்? ட்ரெவினோ ஒரு கையில் குக்கீயைக் கடித்துக்கொண்டே மறு கையால் ஒரு கறுத்த டாலரைச் சுண்டி விளையாடினான். மாவுக்கட்டுக்காரன் தன் டாலரில் இருந்த ஓட்டை வழியாக வானத்தைப் பார்த்தான்.

"எவனோ ஒரு முட்டாள் தகப்பன் வீட்டு வெள்ளியை இப்படி வாரி விட்டிருக்கான்" என்று டெல்மர் சிரித்துக்கொண்டார்.

ஆர்வின் கையுறையோடு மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். பெட்டியில் ஒட்டியிருந்த கஸ்டர்டைத் துடைத்து, பூதக்கண்ணாடியில் பார்த்து, இரண்டு எழுத்தும் இருப்பதை உறுதிப்படுத்திக்கொண்டார்.

"ஜெயிச்சுட்ட மச்சான். குடு, உள்ள வெக்கிறேன்."

டெல்மர் பெட்டியை விடவில்லை.

"மாப்பிள்ள, இதை எனக்கே குடுத்துடு."

"என்னது? வெள்ளிக்குத்தானே விலை, மூஞ்சிக்கு இல்லையே?"

"எம் பொண்ணு கையால குடுத்தது இது. நீ என்ன வேணும்னாலும் சொல்லிக் காட்டு. பதிலுக்கு அந்த டப்பா முழுக்க உனக்கு."

ஆர்வின் கையுறையைக் கழற்றினார். அவர் குரல் தாழ்ந்தது.

"முழு டப்பாவுமா? இன்னிக்கு வெள்ளி என்ன விலை போகுது? இரு இரு, அவசரப்படாதே. எடை போட்டுப் பாக்காம நான் எதுக்கும் ஒத்துக்க மாட்டேன்."

"சரித்திரம் என்னாச்சு மாப்பிள்ள?"

"சரித்திரத்தை அப்புறம் பாத்துக்கலாம். நோரீன்! டிக்கியில வெச்ச டப்பாவை எடுத்துட்டு வா!"

நோரீன் காலித் தட்டுகளை அடுக்கிக்கொண்டு புல்வெளியைக் கடந்து வந்தாள். மேலே கவிழ்த்தபடி, மூடியில்லாமல், அந்தக் காப்பித்தூள் டப்பா இருந்தது.

"இதுவா? சில்லறை இல்லாம தவிச்சப்ப சமயசஞ்சீவியா உதவிச்சு. பாதிப் பசங்க சல்யூட்டுக்கு டாலர் கொண்டுவர மறந்துட்டு என்கிட்டதான் நோட்டைக் குடுத்து மாத்திட்டுப் போனாங்க" என்றாள். இரண்டு ஆண்களும் டப்பாவைத் தூக்கி உள்ளே தேடுவதைப் பார்த்துவிட்டு, பெருமையாகத் தலையை ஆட்டினாள். "என்ன விலை, என்ன விலைன்னு வருஷா வருஷம் ரெண்டு பேரும் அடிச்சுக்குவீங்களே, ஒரு தடவையாவது திருப்பிப் பாத்தீங்களா? 'ஒரு டாலர்'னு அதுலயே எழுதியிருக்கு!"