சாவியை வண்டியில் விட்டவன் நான் இல்லை

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் உயிரோடு இருக்கிறோம். அங்கே நீங்களும் என் மகளும் அதைவிடக் கொஞ்சம் நன்றாகவே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசித் தீர்க்க வேண்டியதை இந்த மனுஷன் எதற்குத் தாளில் எழுதுகிறார் என்று நினைப்பீர்கள். போன வாரத்தில் மட்டும் பதினொரு தடவை கூப்பிட்டேன். பத்து தடவை மணி அடித்து ஓய்ந்தது. பதினோராவது தடவை எடுத்து, "மீட்டிங்ல இருக்கேன் மாமா, அஞ்சு நிமிஷத்துல கூப்பிடறேன்" என்றீர்கள். அது வியாழக்கிழமை. இன்று திங்கள். உங்கள் கம்பெனியில் ஐந்து நிமிஷம் எத்தனை நாள் நீளும் என்பது எனக்குத் தெரியாததால் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

"மாப்பிள்ளைக்கு எழுதறீங்க, நாக்கை அடக்கி எழுதுங்க" என்று உங்கள் அத்தை பின்னால் நிற்கிறாள். நாக்கை அடக்கித்தான் எழுதுகிறேன். பேனாவை அடக்குவதாக நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

விஷயம் இதுதான். என் ஸ்கூட்டர் திருட்டுப் போன விஷயமாக உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனி சனிக்கிழமை ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறது. "வாகனத்தின் சாவி வாகனத்திலேயே விடப்பட்டிருக்க வாய்ப்புள்ளதாலும், உரிமையாளரின் கவனக்குறைவு தெளிவாகத் தெரிவதாலும், மாற்று வாகனம் வழங்க இயலாது" என்று. மாப்பிள்ளை, வண்டி கிடையாது என்று சொல்லியிருந்தால் சரி, தலையெழுத்து என்று விட்டிருப்பேன். சாவியை வண்டியில் விட்டேனாம்! யார்? நான்! இருபத்தெட்டு வருஷமாக இந்தக் கடைத்தெருவில் பூட்டு ரிப்பேர் பார்த்து, சாவி வெட்டிப் பிழைக்கிறவன்! என் வண்டிச் சாவி இடுப்பில் சங்கிலியோடு கிடக்கும். குளிக்கப் போனால்கூட கழற்றமாட்டேன், உங்கள் அத்தையைக் கேளுங்கள், எத்தனை துண்டு கிழிந்திருக்கிறது என்று அவளே கணக்குச் சொல்லுவாள். அந்தச் சங்கிலி இப்போதும் என் இடுப்பில்தான் இருக்கிறது. வண்டிதான் இல்லை.

இந்தப் பாலிசியை என் தலையில் கட்டியவர் யார் என்பதை நான் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. கல்யாணம் ஆன மறுவாரம் வீட்டுக்கு வந்தவர் சாப்பிட்டுக் கை கழுவின ஈரம் காயாமல் பாரத்தை நீட்டினீர்கள். "கண்ணை மூடிட்டுக் கையெழுத்துப் போடுங்க மாமா. வண்டி காணாமப் போச்சுன்னா மறுவாரமே புது வண்டி வாசல்ல நிக்கும்" என்றீர்கள். யாருடைய பூட்டையும் இரண்டு தடவை இழுத்துப் பார்க்காமல் நம்பாத நான், நீங்கள் சொன்னதை நம்பி உண்மையிலேயே கண்ணை மூடிக்கொண்டுதான் போட்டேன். கையெழுத்தே கோணலாக இருக்கும், எடுத்துப் பாருங்கள்.

வண்டி போனது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். கடைக்குப் பின்னால் சந்தில், பத்துப் பன்னிரண்டு வண்டிகள் நிற்கிற வரிசையில்தான் வழக்கமாக நிறுத்துவேன். சாப்பிட வீட்டுக்குப் போகலாம் என்று போய்ப் பார்த்தால், நிறுத்தின இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய்க் கறை மட்டும் இருக்கிறது. சந்து முழுக்க மூன்று தடவை நடந்தேன். நாலாவது தடவை நடக்கும்போதே தெருவில் செய்தி பரவிவிட்டது. "பூட்டுக்காரர் வண்டியே போயிடுச்சாம்" என்று டீக்கடையில் ஒரு சிரிப்பு. மாப்பிள்ளை, வண்டி போன துக்கத்தை நான் தாங்கிக்கொள்வேன். அந்தச் சிரிப்பை எப்படித் தாங்குவது? காலையில்தான் ஒரு அம்மா தன் வீட்டு வாசல் பூட்டைப் புதுசாக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். சாயங்காலம் வந்து, "நீங்க முதல்ல உங்க வண்டியைத் தேடுங்கண்ணே, இதை நான் வேற இடத்துல பாத்துக்கறேன்" என்று பூட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். எங்கே போனார்? அடுத்த தெருவில் எனக்குப் போட்டியாக ஒருத்தன் கடை வைத்திருக்கிறானே, அங்கே. அவன் மறுநாளே ஒரு அட்டையில் எழுதித் தொங்கவிட்டுவிட்டான்: 'எங்கள் வண்டி கடை வாசலிலேயே நிற்கிறது.' பொறுக்கிப்பயல். எழுத்துப் பிழை ஒன்றாவது இருக்கும் என்று கிட்டே போய்ப் பார்த்தேன், அதுவும் இல்லை.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கே எழுதிக்கொண்டிருந்தவர், "என்ன தொழில்?" என்றார். "பூட்டு, சாவி" என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டு அவரையும் சிரிக்க வைத்தார். பிறகு, "வந்தது வந்தீங்க, இந்த மேஜை டிராயர் சாவி தொலைஞ்சு ஆறு மாசம் ஆச்சு, கொஞ்சம் பாருங்களேன்" என்றார். புகார் கொடுக்கப் போன இடத்தில் மண்டி போட்டு உட்கார்ந்து டிராயரைத் திறந்து கொடுத்தேன். உள்ளே புகார் ரசீதுப் புத்தகம் இருந்தது. அதைத்தான் ஆறு மாசமாகத் தேடிக்கொண்டிருந்தார்களாம். முதல் ரசீது எனக்கே கிழித்துக் கொடுத்தார்கள், அந்த மட்டில் சந்தோஷம்.

அந்த ரசீதை எடுத்துக்கொண்டு உங்கள் கம்பெனிக் கிளைக்குப் போனேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு பெண், நல்ல பெண், என் மகள் வயசு. "வண்டியோட ரெண்டு சாவியும் குடுங்க சார், அப்பத்தான் கிளெய்ம் நகரும்" என்றாள். பையிலிருந்து எடுத்துக் கொட்டினேன். மொத்தம் பதினாலு.

இதில் என்ன தப்பு மாப்பிள்ளை? மெஷினில் புது பிளேடு மாட்டினால் முதல் வெட்டு என் சொந்தச் சாவியில்தான் வெட்டிப் பார்ப்பேன். அடுத்தவன் வீட்டுச் சாவியிலா கை பழகுவது? அது தொழில் தர்மம். ஒவ்வொரு பிளேடுக்கும் ஒரு சாவி, அப்படிச் சேர்ந்தது பன்னிரண்டு. வண்டியோடு வந்தது இரண்டு. இரண்டு போதும் என்று நான் பன்னிரண்டை ஒளித்து வைத்திருக்கலாம். பொய் சொல்லத் தெரியாத குற்றத்துக்காக அத்தனையையும் கொண்டுபோய் வைத்தேன். அந்தப் பெண் வாயில் கைவைத்துக்கொண்டு, "பாரத்துல ரெண்டு கட்டம்தான் சார் இருக்கு" என்றாள். மேனேஜர் வந்தார். ஒவ்வொரு சாவியாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இதுல எது ஒரிஜினல்?" என்றார். கண்ணை மூடிக்கொண்டு தடவியே எடுத்துக் கொடுத்தேன். கைதட்டுவார் என்று பார்த்தால், "பதினாலு சாவி இருக்கிற இடத்துல பதினஞ்சாவது இருக்காதுன்னு என்ன நிச்சயம்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது போல, அன்றிலிருந்து அவர்கள் தேடுவது திருடனை இல்லை, பதினைந்தாவது சாவியை.

நடுவில் உங்கள் புண்ணியத்தில் ஒரு தற்காலிக வண்டி கொடுத்தார்களே, அந்தக் கூத்தையும் கேளுங்கள். பாலிசியில் ஏழு நாளைக்குத் தற்காலிக வண்டி உண்டு என்று நீங்கள்தான் சொன்னீர்கள். வண்டி வந்தது. வேனிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, "சாவி நாளைக்கு வரும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். நாளை வந்தது, சாவி வரவில்லை. மூன்றாம் நாள் வரைக்கும் பொறுத்தேன். ஹேண்டில் பூட்டின வண்டி என் கடை வாசலிலேயே பொம்மை மாதிரி நிற்கிறது, போகிறவன் வருகிறவன் எல்லாம் அதில் பையை மாட்டிவிட்டு டீ குடிக்கப் போகிறான். பூட்டுக்காரன் கடை வாசலில் சாவி இல்லாத வண்டி! மானம் போகிறதே என்று நானே ஒரு சாவி செய்து எடுத்து ஓட்டினேன். ஏழாம் நாள் வண்டியைத் திரும்ப எடுக்க வந்தவர்கள், "அனுமதி இல்லாம சாவி செஞ்சிருக்கீங்க" என்று அதையும் என் பெயரில் ஒரு குற்றமாக எழுதிக்கொண்டு போனார்கள். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், இவர்கள் பாய்ச்சின வேலுக்கு என்னிடம் கையெழுத்தும் வாங்கினார்கள்.

இப்போது கால்நடையாகத்தான் வேலைக்குப் போகிறேன். முந்தாநாள் ஒரு வீட்டில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு வெளியே வந்த அம்மா, கதவு சாத்திக்கொண்டது என்று பதறிப் போன் செய்தார். வண்டி இருந்தால் ஏழு நிமிஷம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்வதற்குள் பக்கத்து வீட்டுக்காரர்கள் கடப்பாரையால் கதவையே பெயர்த்து வைத்திருந்தார்கள். நல்ல பூட்டு. நான் போட்ட பூட்டு. உடைந்து கிடந்ததைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது, அந்த அம்மா அவருடைய பாலுக்காக நான் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு சமாதானம் சொன்னார்.

ஆகையால் மாப்பிள்ளை, எனக்குப் புது வண்டிகூட வேண்டாம். அந்த ஒரு வரியை எடுக்கச் சொல்லுங்கள். பூட்டுக்காரனிடம் ஜனங்கள் கொடுப்பது பூட்டை இல்லை, வீட்டை. சொந்தச் சாவியைக் காப்பாற்றத் தெரியாதவன் என்று முத்திரை குத்தி ஒரு கம்பெனி கடிதம் கொடுத்துவிட்டால், அப்புறம் எவன் தன் வீட்டை என் கையில் கொடுப்பான்? நீங்கள் அந்தக் கம்பெனியில் பத்து வருஷமாக டை கட்டிக்கொண்டு போகிறீர்களே, ஒரு வரியை அடிக்க முடியாதா? முடியாது என்றால் சொல்லிவிடுங்கள். நானே நேரில் வந்து உங்கள் பெரிய மேனேஜர் மேஜையில் அந்தச் சங்கிலியைக் கழற்றி வைத்துவிட்டு, என் மாப்பிள்ளை யார் என்பதையும் உரக்கச் சொல்லிவிட்டு வருகிறேன்.

"போதும், நிறுத்துங்க" என்கிறாள் உங்கள் அத்தை. நிறுத்துகிறேன். உங்களுக்கும் என் மகளுக்கும் எங்கள் ஆசிகள். ஆசி மனசார எழுதினது, கோபமும் மனசார எழுதினதுதான், இரண்டையும் கலக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். போனையும் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
கவனக்குறைவு என்றால் என்னவென்றே தெரியாத,
உங்கள் மாமனார்.

பின்குறிப்பு: மேலே உள்ளதை உறையில் போட்டுத் தபால் பெட்டிக்கு எடுத்துப் போகும் வழியில், சந்துக்கு எதிரே இருக்கிற மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் கூப்பிட்டார். "அண்ணே, உள்ள வாங்க, கதவைச் சாத்திக்கறேன்" என்றார். அவர் கடையில் கேமரா இருப்பதே எனக்குத் தெரியாது. வண்டி போன அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானத்தைப் போட்டுக் காட்டினார்.

டை கட்டின யாரோ ஒருத்தன். மழைக்குப் போடுகிற உறையால் ஒரு வண்டியை முன்னும் பின்னும் மூடி, சாவி போடுகிற இடத்தை மட்டும் திறந்து வைத்திருக்கிறான். பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியை வைத்து, மறு கண்ணை மூடிக்கொண்டு ஒருவர் அந்தப் பூட்டுக்குச் சாவி செய்துகொண்டிருக்கிறார். அது நான். இப்போது ஞாபகம் வருகிறது, சாவி தொலைந்துவிட்டது, அவசரம் என்று கடைக்கு வந்து கெஞ்சினான். நான் பூட்டைத்தான் பார்ப்பேன் மாப்பிள்ளை, வண்டியைப் பார்ப்பதில்லை. உறையை விலக்கிப் பார்க்க வேண்டும் என்று தோன்றவேயில்லை. சாவி சரியாக விழுந்ததும் எனக்கு முகமெல்லாம் பெருமை. வண்டி கிளம்ப மறுக்கிறது. நான் அவனை நகரச் சொல்லிவிட்டு, இடது பக்கம் லேசாகச் சாய்த்து, முழங்காலால் ஒரு இடி இடித்து, உதைக்கிறேன். கிளம்பிவிட்டது. ஊரில் எந்த வண்டிக்கும் அந்த வைத்தியம் கிடையாது, என் வண்டி ஒன்றுக்குத்தான். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை! போகிறவனைக் கைதட்டி நிறுத்தி, இன்னொரு சாவியும் வெட்டிக் கையில் கொடுக்கிறேன். "ஒண்ணு தொலைஞ்சா இன்னொண்ணு இருக்கட்டும் சார், காலம் கெட்டுக் கிடக்கு" என்று சொன்னதுகூட நினைவிருக்கிறது. உங்கள் பாரத்தின்படி பார்த்தால் இப்போது வண்டிக்குச் சரியான சொந்தக்காரன் அவன்தான், அவனிடம்தான் இரண்டே இரண்டு சாவி இருக்கிறது.

"யாருக்கும் காட்டல அண்ணே, வீட்டுல மட்டும்தான் காட்டினேன்" என்றார் கண்ணாடிக் கடைக்காரர். இலவசமாகக் கண் பரிசோதனையும் செய்துவிட்டார். கண்ணில் ஒரு கோளாறும் இல்லையாம்.

அந்தக் கேமராவில் இருந்ததை அழிக்கச் சொல்லிக் காலில் விழாத குறையாகக் கேட்டிருக்கிறேன். உங்கள் அத்தைக்குச் சொல்லவில்லை, சொல்லும் துணிச்சல் இல்லை. யாரிடமாவது கொட்டாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது, அதனால்தான் கிழிக்காமல் உங்களுக்கு அனுப்புகிறேன். கிளெய்மை இன்றோடு வாபஸ் வாங்கிவிடுங்கள். எனக்கு உங்கள் கம்பெனி எதுவும் தர வேண்டாம். சாவியை வண்டியில் மறந்த பூட்டுக்காரனை ஊர் ஒரு மாசம் சிரித்துவிட்டு மன்னித்துவிடும். திருடனுக்குச் சாவி செய்து, வண்டியையும் கிளப்பிக் கொடுத்தவனிடம் ஒரு பெட்டிப் பூட்டுகூட வராது. ஆகவே மாப்பிள்ளை, உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், அந்தக் கடிதத்தில் சாவி வண்டியிலேயே "விடப்பட்டிருக்க வாய்ப்புள்ளதாலும்" என்று இருப்பதை "விடப்பட்டது உறுதியானதாலும்" என்று திருத்தி, கம்பெனி முத்திரையோடு ஒரு பிரதி அனுப்பச் சொல்லுங்கள். கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டிக்கொள்கிறேன்.