கால்மிதி மாமாவும் சந்தன நிறச் சட்டையும்

மந்தைவெளியில் எங்கள் அடுக்ககத்தில் மனிதர்கள் சாகலாம், துணி மட்டும் சாக முடியாது. கீழ்வீட்டுக் கால்மிதி மாமா விடமாட்டார்.

அவர் பெயரைக் கேட்காதீர்கள். வாசலில் பெயர்ப்பலகை இருக்கிறது, ஆனால் ஜீன்ஸ் பாக்கெட்டில் தைத்த தபால் பை ஒன்று அதை மறைத்துக்கொண்டு தொங்குகிறது. ஓய்வு பெற்றவர், தனி ஆள். வீட்டில் ஒரு தையல் மிஷின். எங்கள் கஷ்டத்துக்கு அது போதாதா?

"ஊர்ல இருக்கற குப்பை போறாதா சார்? நம்மாத்துத் துணியும் அங்கதான் போய்ச் சேரணுமா?" என்பார். கேள்வி நியாயமானதுதான். அதனால் சனிக்கிழமை காலையில் அவரவர் பழைய துணியை மூட்டை கட்டிக் கதவுப் பிடியில் மாட்டிவிடுவோம். அவர் வந்து எடுத்துப் போவார். அதோடு தொல்லை விட்டது என்று உட்கார முடியாது. எந்த வீட்டுத் துணியோ அந்த வீட்டுக்கே அது திரும்பி வரவேண்டும் என்பது அவர் கொள்கை.

அப்படியே வந்தது. என் ஆபீஸ் பேன்ட்டுகள் வாஷிங் மெஷினுக்கு உறையாகின. மனைவியின் நைட்டி காஸ் சிலிண்டருக்குப் பாவாடையானது. பனியன்கள் பின்னல் போட்ட கால்மிதிகளாகி எங்கே கால் வைத்தாலும் கிடந்தன. டிவி ரிமோட் என் பழைய டையில் தைத்த உறைக்குள் வாழ்கிறது. சத்தம் கூட்ட வேண்டுமானால் முதலில் அதன் பித்தானைக் கழற்றவேண்டும், அதற்குள் செய்தி முடிந்துவிடுகிறது.

எல்லாவற்றையும்விட என்னைக் களைப்பாக்கியது அவருடைய பார்வைதான். லிஃப்டில் ஏறினால் முகத்தைப் பார்க்கமாட்டார், முழங்காலைப் பார்ப்பார்.

"இந்தப் பேன்ட் இன்னும் எவ்வளவு நாள் சார் வரும்?"

"இப்பத்தான் மாமா வாங்கினேன்."

"அவசரமே இல்லை. நான் காத்துண்டிருக்கேன்."

இப்படி இருக்கையில்தான் என் மகளுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. அவள் தன் முதல் சம்பளத்தில் எனக்கொரு சந்தன நிறச் சட்டை வாங்கித் தந்திருந்தாள். "அப்பா, மத்ததெல்லாம் உங்க இஷ்டம். அன்னிக்கு அந்தச் சட்டையைத்தான் போட்டுக்கணும்" என்று ஒரே ஒரு உத்தரவு. நிச்சயம் ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் காலையில், இஸ்திரி போடுபவருக்காக அந்தச் சட்டையைப் பழைய வேட்டியில் முடிந்து கதவில் மாட்டிவிட்டு, பூ வாங்க மயிலாப்பூருக்குப் போனாள் என் மனைவி. கல்யாண வீட்டு அவசரத்தில் அன்று சனிக்கிழமை என்பது எங்கள் இருவருக்குமே உறைக்கவில்லை.

பத்து மணிக்கு இஸ்திரிக்காரர் ஏழுமலை மணி அடித்தார். "இன்னா சார், மூட்டை எங்க? விசேஷத்துக்குச் சட்டை கீது, சீக்கிரம் தேச்சுக் குடுன்னு அக்கா சொல்லிச்சு. கதவுல ஒண்ணியும் காணோமே!"

கீழே தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. செருப்புக்கூடப் போடாமல் இறங்கினேன்.

சட்டையின் முதுகு வாட்டர் பாட்டில் உறைகளாகி மேஜைமேல் வரிசையாக நின்றது. முன்பக்கமும் கைகளும் தங்கள் முறைக்காகக் காத்திருந்தன.

"புதுசாட்டமா இருந்ததேன்னு பார்த்தேன். கடைசில உங்களுக்கும் தாராள மனசு வந்துடுத்தாக்கும்னு நெனைச்சேன்" என்றார் சந்தோஷமாக.

நான் விஷயத்தைச் சொன்னேன். கத்தவேண்டும் என்றுதான் வந்தேன், தெம்பில்லை. அவர் முகம் சுண்டிப்போனது. பாட்டில் உறை ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். பிறகு, "கார்த்தால வாங்கோ. கொழந்தைகிட்ட ஒண்ணும் சொல்லாதேங்கோ" என்றார்.

ஆடையை வீட்டுச் சாமானாக்கியே பழகிய மனிதர் முதல்முறையாக எதிர்த்திசையில் வேலை செய்தார். காலையில் முழுச் சட்டை கிடைத்தது. முதுகு மட்டும் கொஞ்சம் வெளுத்த சந்தனம். தையல் இருக்கும் இடத்தை விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க முடிந்தது.

மண்டபத்தில் என் மகள் முதுகைத் தொட்டுப் பார்த்தாள். "அப்பா, பின்னாடி ஏன் வெளுத்திருக்கு?"

"வெயில்ல காய்ஞ்சதும்மா."

அப்போதுதான் கால்மிதி மாமா உள்ளே வந்தார். எந்த விசேஷத்துக்கும் ஒரே சந்தன நிறச் சட்டையில் வருபவர், அன்று பனியன்மேல் அங்கவஸ்திரத்தை இறுக்கப் போர்த்திக்கொண்டு வந்தார். என் கை தானாக என் சட்டை முதுகைத் தடவிப் பார்த்தது. அவர் வழக்கம்போல் என் முகத்தைப் பார்க்கவில்லை, சுற்றி வந்து முதுகைப் பார்த்தார். "ஏ.சி. ஜாஸ்தியா இருக்கு, இல்லையா சார்?" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

அந்தச் சட்டையின் காலர் இப்போது நைந்துவிட்டது. போன வாரம் லிஃப்டில் அவர் கவனித்துவிட்டார். "காலம் வந்துடுத்து சார். சனிக்கிழமை போட்டுடுங்கோ, முதுகு நல்ல கால்மிதியா வரும்."

தலையாட்டினேன். சனிக்கிழமை நல்ல துண்டு ஒன்றைக் கிழித்து மூட்டை கட்டி மாட்டினேன். சட்டை பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. அந்த முதுகின்மேல் கால் வைக்க எனக்கு மனசு வரவில்லை.