மெத்தை வாங்கியவர் நான் அல்ல

பெருமதிப்பிற்குரிய பத்திரிகை ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, கிட்வே நகர சிமெண்ட் ஆலையில் மூட்டை ஏற்றும் கசோண்டே சிப்பாஷா பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் குடும்பமும் அச்சு இயந்திரமும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

தங்கள் பத்திரிகையில் சென்ற வாரம் 'ஒன்பது ஆண்டு உழைப்புக்கு ஆலையின் பரிசு' என்று போட்டு, மெத்தையைக் கட்டிப்பிடித்துச் சிரிக்கும் ஒருவரின் படம் வந்தது. அது நான் இல்லை என்று மறுப்பு வெளியிட வேண்டும். இதை என்னை யாரும் மிரட்டி எழுதச் சொல்லவில்லை.

நடந்தது என்னவென்றால், எங்களை வேலைக்கு வைத்திருப்பது ஆலை அல்ல, ஒப்பந்தக்காரர் சியாமே. மூன்று மாதம் முடிந்ததும் கணக்கு முடித்து அனுப்பிவிடுவார். மறுநாள் காலையில் புது ஆளாகச் சேர்த்துக்கொள்வார். இப்படி ஒன்பது வருடமாக நான் புதுசு. புது ஆளுக்குப் புது ஆள் கூலிதான். என் பக்கத்தில் அதே மூட்டையைத் தூக்கும் லோம்பே நிரந்தரம் என்பதால் வீடு கட்டி மாடிக்குப் படியும் வைத்துவிட்டார்; எனக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்குக் கூலி கிடையாது. புதிதாக வந்த மேலாளருக்கு இதெல்லாம் தெரியாது. ஆண்டு விழாவில் என்னைக் கூப்பிட்டு, "நான் வந்த நாள்லேர்ந்து உன்ன பாக்குறேன், எத்தனை வருஷமாப்பா இருக்க?" என்றார். வாய் சும்மா இருக்காமல் "ஒம்பது வருஷம் ஐயா" என்றேன். கைதட்டல், போட்டோ, மெத்தை. அதைத் தலையில் வைத்து வீட்டுக்கு நடந்தேன். என் முதுகு முனகாமல் சுமந்த சுமை அது ஒன்றுதான்.

பத்திரிகை வந்த அன்றே சியாமே வீட்டுக்கு ஓடி வந்தார். "அறிவிருக்காய்யா? தொழிலாளர் ஆபீஸ்காரன் பாத்தா எல்லாரையும் நிரந்தரம் பண்ணச் சொல்லுவான்! மெத்தையக் குடு!"

என் மனைவி பூப்பே அசரவில்லை. "தாராளமா தூக்கிட்டுப் போங்க. சின்னவன் நல்லா நனைச்சு வச்சிருக்கான், வெயில்ல காயுது."

சியாமே குனிந்து மோந்து பார்த்துவிட்டு, மெத்தை வேண்டாம், மறுப்பு போதும் என்றார். "எழுதலேன்னா இந்தத் தடவை மறுநாள் வராத."

"அப்ப படத்துல இருக்கறது யாருங்க?" என்று கேட்டேன்.

"யாரோ!"

"என் சட்டையப் போட்டிருக்கானே?"

"திருட்டுப்பய!"

ஆகவே அந்தத் திருடன் நான் அல்ல என்று உறுதி கூறி, தங்கள் பத்திரிகை வீடுதோறும் செல்ல வாழ்த்தி முடிக்கிறேன்.

பின்குறிப்பு: சியாமேவுக்கு முதல் இரண்டு பத்தியை மட்டும்தான் படித்துக் காட்டினேன். மற்ற மூட்டைக்காரர்களுக்கு முழுவதும் படித்தேன். யாரும் சிரிக்கவில்லை. என்னைவிடப் பழைய புது ஆட்கள் இருக்கிறார்கள். எல்லாரும் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறோம், பெயரோடும் வருடத்தோடும். மறுப்பு வேண்டாம் ஐயா. இதை அப்படியே போடுங்கள். இதன் நகல் ஒன்றை நாங்களே தொழிலாளர் ஆபீசில் கொடுத்துவிட்டோம். நாளையோடு என் மூன்று மாதம் முடிகிறது.